டாக்டரம்மா வைத்திருந்த வண்டி

சலீம் மாமாவுக்கு எதைப் புரட்டினாலும் எச்சில் தொட்டாக வேண்டும். டைல்ஸ் கடை பில் புத்தகமோ கல்யாணப் பத்திரிகையோ, வலது கை ஆள்காட்டி விரல் முதலில் நாக்குக்குப் போய்விட்டுத்தான் காகிதத்துக்கு வரும். அன்றைக்கு அந்த வெள்ளைக் காரின் காகிதங்களையும் அப்படித்தான் ஒவ்வொன்றாக ஈரம் தடவிப் புரட்டி சமீராவின் கையில் கொடுத்தார். வாங்கும்போதே அவளுக்கு விரல் கூசியது. அந்தக் கூச்சத்துக்கு அவள் மரியாதை கொடுத்திருந்தால் பிறகு வந்த அசிங்கமெல்லாம் வந்திருக்காது. என்ன செய்வது, மாமா ஆயிற்றே! அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். அம்மா மௌத்தான பிறகு விருத்தாசலத்தில் அவளுக்கென்று மிச்சமிருந்த ஒரே தாய்வழி வீடு.

“டாக்டரம்மா வச்சிருந்த வண்டி சமீரா. சென்னையில. ஜகதாம்பாள்னு பேரு போட்டிருக்குது பாரு. வூட்டுலேருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிலேருந்து வூடு, அவ்ளோதான் ஓடியிருக்குது. நாலு பேரு கேட்டாங்க. நம்ம புள்ளைக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். நான் ஒனக்குக் கெடுதல் பண்ணுவனா?”

இந்தக் கடைசிக் கேள்வியை மாமா ஒரு நாளைக்குப் பத்து பேரிடமாவது கேட்பார். யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

சமீரா ஷார்ஜாவில் பிறந்தவள். அங்கேயே படித்து, அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, அங்கேயே உஸ்மானைக் கட்டிக்கொண்டவள். விருத்தாசலம் என்பது இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வந்து, வேர்த்து வடிந்து, கொசுக்கடி வாங்கிக்கொண்டு திரும்புகிற இடம். பாஸ்போர்ட்டில் இந்தியா என்று இருந்ததே தவிர, வாழ வந்தபோது இது அவளுக்குப் புது தேசம்தான். முப்பத்து நாலு வயதில் அரிசிக் கடையில் எந்த அரிசி கேட்பது என்று தெரியாமல் நின்றாள். ரோட்டைத் தாண்டும்போது தப்பான பக்கம் பார்த்தாள். ஆட்டோக்காரர்கள் வாய்க்கு வந்த வாடகையைக் கேட்டார்கள்.

இவ்வளவும் ஏழு வயது மகள் ஆஃபியாவுக்காக. பிள்ளைக்கு இழுப்பு. ஷார்ஜாவில் மணல் காற்று அடித்தால் போதும், நெஞ்சுக்கூடு உள்வாங்கிக்கொள்ளும். மூன்று தடவை ஐ.சி.யூ.வில் படுத்து எழுந்துவிட்டது. ‘இந்த மணலை விட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள்’ என்று டாக்டர் கையை விரித்த பிறகுதான், உஸ்மான் அங்கேயே வேலையில் இருக்க, சமீரா வேலையை விட்டு, பிறந்த ஊரை விட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆலடி ரோட்டில் ஒரு மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

வந்த இடத்தில் பஸ். பதினைந்து நாளைக்கு ஒரு முறை பாண்டிச்சேரியில் நெஞ்சு டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு தடவை வடலூர் தாண்டும்போது முன்சீட்டில் யாரோ வாந்தி எடுத்தார்கள். அதன் மேல் ஒருத்தர் மண்ணை அள்ளிப் போட்டார். அந்தத் தூசியில் ஆஃபியாவுக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. சமீரா கத்திக் கூப்பாடு போட்டு பஸ்ஸை நிறுத்தச் சொன்னபோது பின்னாலிருந்து ஒரு குரல், “சீக்கிரம்மா, டைம் ஆவுது” என்றது. டைம் ஆகிறதாம்! உதடு நீலம் பாய்ந்து ஒரு குழந்தை மூச்சுக்குத் தவிக்கிறது, இந்த ஆளுக்கு டைம் ஆகிறதாம். அன்றைக்கே முடிவு செய்தாள். கார் வாங்க வேண்டும். பவுசுக்கு இல்லை, கண்ணாடியை ஏற்றிக்கொண்டால் தூசி, புகை எதுவும் உள்ளே வராமல் என் பிள்ளை மூச்சு விட ஒரு சுத்தமான இடம் வேண்டும், அவ்வளவுதான்.

புதுக் காருக்கு வசதி இல்லை. பழைய கார் பார்க்கப் போனாள். ஐயோ, அந்த அசிங்கத்தை எங்கே போய்ச் சொல்வது! முதல் காரின் பின்கதவு முழுக்க வெற்றிலை எச்சில், வெளியே இல்லை, உள்ளே. திட்டக்குடியில் பார்த்த இரண்டாவது காரில் ஆடு ஏற்றியிருக்கிறார்கள்; சீட் இடுக்கில் புழுக்கை. நல்லூரில் மூன்றாவது. சீட்டின் மேல் புது பிளாஸ்டிக் உறை. அதைத் தூக்கினால் அடியில் கரப்பான் குடித்தனம் நடத்துகிறது. விற்கிறவனோ, “ஸ்ப்ரே அடிச்சா போயிடும் மேடம்” என்று சிரித்தான்.

இதில் இன்னொரு கூத்து. சமீரா ஷார்ஜாவில் பன்னிரண்டு வருஷம் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டியவள். இங்கே லைசென்ஸ் வாங்கிவிட்டாள், ஓட்டவும் பழகிவிட்டாள், ஆனால் யோசனையில் இருந்தால் கால் தானாக இடப்பக்கக் கதவுக்குப் போய்விடும். உள்ளே உட்கார்ந்து கையை நீட்டினால் ஸ்டியரிங் இருக்காது. விற்க வந்தவர்கள் மூன்று பேரும் இதைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “ஓட்டத் தெரியுமாம்மா?”

நாலாவதுதான், டைல்ஸ் கடையோடு பழைய வண்டியும் வாங்கி விற்கிற மாமாவின் வண்டி. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று உஸ்மானிடம் போனில் கேட்டாள்.

“பைத்தியமா நீ? மாமா மூஞ்சிக்கு நேரா வேற ஆளை வச்சு பானெட்டைத் தொறந்து பாப்பியா? சொந்தத்துக்குள்ள யாராச்சும் அப்புடிச் செய்வாங்களா? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அவங்கதான் வந்து நிக்கணும்.”

சொந்தக்காரர் பொருளைச் சோதித்துப் பார்த்தால் அவரைத் திருடன் என்று சொன்ன மாதிரி. இது இந்தக் குடும்பங்களில் எழுதாத சட்டம். சோதிக்காமல் வாங்கி ஏமாந்தால் அது நசீபு, தலையெழுத்து. நல்ல சட்டம்! திருடனுக்கென்றே போட்ட சட்டம்.

ஆனாலும் சமீராவைக் கவிழ்த்தது அந்தச் சட்டம் இல்லை, மூக்கு. வலப்பக்கக் கதவைச் சரியாகத் திறந்து உட்கார்ந்தாள். உள்ளே ஊது வாசனை. அகில் கட்டை ஊது, கரியில் போட்டால் எழும்புமே, அந்த வாசனை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமை காலையில் அம்மா துணிகளுக்கு ஊதுப் புகை காட்டுவாள். வண்டிக்குள்ளும் காட்டுவாள். அங்கே பழைய கார் பார்க்கப் போனால் ஊது மணக்கிற வண்டியைத்தான் அவள் வீட்டார் முதலில் தொடுவார்கள். பார்த்துப் பார்த்து வைத்திருந்த குடும்பத்து வண்டி என்று அர்த்தம். ஆஃபியாவுக்கு இழுப்பு வந்த நாளிலிருந்து ஆறு வருஷமாக அவள் வீட்டில் ஊது ஏற்றியதே இல்லை. பிள்ளைக்கு அந்தப் புகை ஆகாது. ஊர் திரும்பும்போது அலமாரியில் மிச்சமிருந்த ஊது டப்பாக்களையெல்லாம் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாள். ஆஃபியாதான் தங்கக் காகிதத்தில் சுற்றி, எந்த வீட்டுக்கு எது என்று தெரிய ஆளுக்கொரு நிறத்தில் நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்தது. சலீம் மாமா வீட்டுக்குப் பச்சை நட்சத்திரம். “நீ வச்சுக்காம எங்களுக்குக் குடுக்குறியே” என்று மாமி தாஜ் நிஷா கேட்டபோது, “புள்ளைக்கு ஆவாது மாமி, அதான்” என்று காரணத்தையும் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

அந்த நாலாவது வண்டியில் உட்கார்ந்தவள் கால்மிதியைத் தூக்கிப் பார்க்கவில்லை. டிக்கியைத் திறந்து பார்க்கவில்லை. மூன்று நாள் கண்ணாடியை இறக்கி வெயிலில் போட்டால் வாசனை போய்விடும், அப்புறம் பிள்ளையை ஏற்றலாம் என்று மட்டும் கணக்குப் போட்டாள். உஸ்மானும் அவளும் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அன்று சாயங்காலமே மாமா கைக்குப் போய்விட்டது. மாமா அதையும் எச்சில் தொட்டுத்தான் எண்ணினார்.

மூன்று நாள் வெயிலில் போட்டாள். ஊது போயிற்று. அதற்கு அடியில் இருந்தது மேலே வந்தது.

என்ன நாற்றம் என்று முதலில் பிடிபடவில்லை. ஈரச் சாக்கு. நாள்பட்ட பூந்தண்ணீர். அதற்கும் அடியில், வாயில் வைத்தால் நெளிகிற மாதிரி ஒரு புளிப்பு. சீட்டை ஷாம்பூ போட்டுத் தேய்த்தாள். எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தாள். காலையில் பார்த்தால் எலுமிச்சம்பழமும் சேர்ந்து நாறியது. மாமாவுக்குப் போன் போட்டாள்.

“அது ரெக்சின் வாடைம்மா, ஓட்ட ஓட்டப் போயிடும்” என்றார். அப்புறம் சிரித்தார். “ஷார்ஜா மூக்கு ஒனக்கு. நம்மூரே ஒனக்கு நாத்தமாத்தான் இருக்கும்.”

வந்ததிலிருந்து எல்லோரும் அவளுக்குக் கொடுக்கிற குத்து அது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஷார்ஜா. கடையில் காய்கறியைக் கழுவித் தரச் சொன்னால் ஷார்ஜா. நம் மூக்குத்தான் கோணலோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு மனுஷியின் மூக்கையே அவளிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள் பாருங்கள், அதுதான் சாமர்த்தியம்.

அடுத்த வாரம் டாக்டரிடம் போக வேண்டிய நாள். கிளம்பும்போதே மழை. நெய்வேலி தாண்டியதும் கொட்டு கொட்டென்று கொட்டியது. கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டாள்.

“அம்மா, ஏசிலேருந்து ஈர சாக்ஸ் வாடை வருது” என்றது ஆஃபியா.

“அப்புடியெல்லாம் சொல்லக் கூடாது. சலீம் மாமா நமக்காகப் பாத்து வாங்கிக் குடுத்தது.”

பிள்ளை பேசாமல் இருந்தது. சொல்லக் கூடாது என்று சொன்னதால் சொல்லாமல் இருந்தது. பத்து நிமிஷம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தால் தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்குகிறது, வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. சமீரா வண்டியை ஓரம் கட்டி, மழையில் இறங்கி, பின்கதவைத் திறந்து இன்ஹேலரை வாயில் வைத்தாள். ஒன்று. இரண்டு. நாலு. நிற்கவில்லை. எப்படி வடலூர் வரைக்கும் ஓட்டினாள் என்று அவளுக்குத் தெரியாது. முதலில் கண்ணில் பட்ட ஆஸ்பத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆக்சிஜன் வைத்து, புகை மருந்து கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஆஃபியாவின் உதட்டில் ரத்தம் திரும்பியது.

“பஸ்லயா வந்தீங்க?” என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர்.

“இல்ல டாக்டர், கார்ல.”

“அப்ப நல்லதாப் போச்சு” என்றார் அவர்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் பிள்ளையைப் பார்க்க வந்தாள். ஊரின் தொழிற்பேட்டையான எஸ்டேட்டில் ஒரு செராமிக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக வேலை. மண்ணைத் தொட்டியில் கரைத்து விடுவதிலிருந்து, பீங்கான் ஃபியூஸ் கட்டையின் ஓரத்தை ஈரப் பஞ்சால் துடைத்து அடுக்குவது வரைக்கும் அவள் செய்யாத வேலை இல்லை. ஆஃபியாவின் தலையைத் தடவிவிட்டுக் கீழே இறங்கியவள், கதவு திறந்து கிடந்த காரின் பக்கத்தில் நின்றுவிட்டாள். மூக்கை உறிஞ்சினாள்.

“ஏம்மா சமீரா, இதுலயா புள்ளைய ஏத்திக்கினு போன?”

“ஏங்க்கா? வாடை வருதா? ஒங்களுக்கும் வருதா?” சமீரா ஓடி வந்தாள். ஒரே ஒரு ஆள் ஆமாம் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று தவித்துக்கொண்டிருந்தவள்.

“வாடையா? சேத்து நாத்தம்மா இது. தண்ணி மாத்தாத தொட்டி இப்புடித்தான் நாறும். டிக்கியைத் தொற.”

டிக்கியில் புது கார்ப்பெட் போட்டிருந்தார்கள். கொளஞ்சியம்மாள் அதைப் பிய்த்து எடுத்தாள். இரண்டு பேருமாக ஸ்டெப்னி சக்கரத்தைத் தூக்கி வெளியே போட்டார்கள். அந்தக் குழியில் ஒரு விரல் கனத்துக்கு மண். மேலே காய்ந்து வெடித்து, அடியில் நேற்றைய மழை கசிந்து கொழகொழவென்று. ஓரத்தில் சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சை மயிர் மயிராக நின்றது. ஒரு செத்த தவளை, தோலும் எலும்புமாக மண்ணோடு ஒட்டிக் கிடந்தது.

“ரோட்டுச் சேறா இருக்கும்க்கா” என்றாள் சமீரா. அவளே அதை நம்பவில்லை.

கொளஞ்சியம்மாள் ஒரு பாளத்தைப் பெயர்த்து ஒடித்தாள். ஒடிந்த முகத்தைத் திருப்பிக் காட்டினாள். “இங்க பாரு. அடியில பெருமணலு. அதுக்கு மேல சின்ன மணலு. மேல பாரு, வெண்ணெ மாரி நைசா இருக்குது. கால்ல வந்த சேறு கலந்தடிச்சுக் கெடக்கும். இது தண்ணி நின்னு, மெள்ளமா படிஞ்ச மண்ணு. நாங்க தொட்டியில கரைச்சு வுட்டா இப்புடித்தான் படியும், கனமானது மொதல்ல, நைசு கடைசில. ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல, நாலஞ்சு நாளு இந்த வண்டி முழுங்கிப் போயி நின்னிருக்குது. நம்மூரு மண்ணும் இல்ல இது. சென்னை வண்டின்னியே, அங்க வெள்ளம் வந்துச்சுல்ல? சாக்கடையும் சேந்துதான வந்திருக்கும்.”

சமீரா அந்தக் குழியையே பார்த்தாள். சாக்கடை. அந்தச் சாக்கடையைத்தான் ஏசி வழியாகப் பிள்ளையின் நெஞ்சுக்குள் ஊதிவிட்டாள், சொல்லக் கூடாது என்று அதன் வாயையும் அடைத்து.

டாக்டரம்மா வைத்திருந்த வண்டிதான். அதில் பொய் இல்லை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை யாரோ தலைமுழுகி விற்க, மாமா எடுத்து வந்திருக்கிறார். சரி, அப்படியானால் ஊது? ஜகதாம்பாள் என்கிற டாக்டரம்மா வண்டிக்குள் எதற்கு அரபு தேசத்துக் கட்டை ஊது போடப் போகிறார்? இந்தக் கேள்வி அன்றைக்கே வந்திருக்க வேண்டாமா, மடச்சி! இப்போதுதான் வந்தது. பதிலும் உடனே வந்தது. டிரைவர் சீட்டுக்கு அடியில் கால்மிதியைத் தூக்கிக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாள் கரித்துண்டு ஒன்றையும், கசங்கிய தங்கக் காகிதம் ஒன்றையும் வெளியே போட்டாள். காகிதத்தின் மூலையில், ஈரத்தில் ஊறிப் பாதி உரிந்து, பச்சை நட்சத்திரம்.

சமீரா குழாயடிக்கு ஓடினாள். காலையில் குடித்த டீ முழுவதும் வந்துவிட்டது.

ஏமாற்றினார்கள், சரி. உலகத்தில் யார்தான் ஏமாற்றவில்லை? ஆனால் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லிக் கொடுத்த புகையை, அந்தப் பிள்ளை ஏறப் போகிற வண்டிக்குள்ளேயே, அதுவும் அந்தப் பிள்ளை தன் கையால் நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்ததைப் பிரித்து... சீ! இவர்களெல்லாம் என்ன ஜென்மம்!

உஸ்மானுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டான். “மாமாவுக்கே தெரியாம இருந்திருக்கும் சமீரா. நேரா போயி சண்டை போட்டுடாத. பேசித் தீத்துக்கலாம்” என்றான். வடலூரில் பிள்ளையின் நெஞ்சுக்கூடு உள்ளே போனதைப் பார்க்காதவன். அவள் போனை வைத்துவிட்டாள். தெரியுமா தெரியாதா என்றுதானே சந்தேகம்? அதைத் தீர்த்துக்கொள்ள அவளுக்கு ஒரு வழி தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கண்ணாடி நாலையும் இறக்கிவிட்டு வண்டியை மாமா வீட்டு வாசலில் கொண்டு போய் நிறுத்தினாள். தாஜ் நிஷா மாமி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “புள்ளைக்கு மறுபடி முடியாமப் போச்சாமே, கேள்விப்பட்டு நான் அழுத அழுகை! துஆ செய்யாத நேரமில்ல” என்றாள். ஒரு கிண்ணத்தில் சேமியா வந்தது. மேலே நெய் மிதந்தது. சமீரா அதைத் தொடவில்லை. மாமா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு விசிட்டிங் கார்டின் மூலையால் பல் குத்திக்கொண்டிருந்தார். குத்தியதை மோந்து பார்த்தார். மறுபடி குத்தினார்.

“சும்மாதான் வந்தேன் மாமி. ஜுவேரியா கார்ல போவணும்னு அன்னிக்கே கேட்டுச்சே. ஒரு ரவுண்டு ஸ்ரீமுஷ்ணம் ரோடு வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வரேன். வெயிலா இருக்குது, கண்ணாடிய ஏத்தி ஏசி போட்டுக்கறேன்.”

ஜுவேரியா மாமாவின் பேத்தி. ஆறு வயது. சொல்லி வாய் மூடவில்லை, பிள்ளை செருப்பைக் கூட மாட்டாமல் வாசலுக்குப் பாய்ந்தது. கார்க் கதவைத் திறந்துவிட்டது.

“ஏய்! வாடி இங்க! அதுல ஏறாத!” மாமி போட்ட கூச்சலில் கிண்ணம் சாய்ந்து சேமியா தரையில் வழிந்தது. ஓடிப் போய்ப் பேத்தியின் கையைப் பிடித்து இழுத்து முந்தானையால் அதன் மூக்கைப் பொத்தினாள். கதவைத் திறந்ததற்கே மூக்கைப் பொத்தினாள்!

அப்புறம்தான் தான் செய்தது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. முந்தானை மெல்ல இறங்கியது.

“சளி... புள்ளைக்குச் சளி புடிச்சிருக்குது” என்றாள்.

பிள்ளை நல்ல தெளிவான குரலில், “எனக்குச் சளியே இல்ல, நன்னிம்மா” என்றது.

சமீரா பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துச் சேமியாக் கிண்ணம் இருந்த இடத்தில் பிரித்து வைத்தாள். மண் பாளம். அதன் மேல் தங்கக் காகிதம். நட்சத்திரம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள்.

மாமா விசிட்டிங் கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் வெட்கம் வரும் என்று சமீரா எதிர்பார்த்தாள். பைத்தியக்காரி. வியாபாரக் களைதான் வந்தது.

“இதுக்கா இவ்ளோ? பணந்தான? நான் தரமாட்டேன்னு சொன்னனா? சாவியக் குடுத்துட்டுப் போ. புதன்கெழம பணம் ஒன் கையில இருக்கும். ஸ்ரீமுஷ்ணத்துல ஒரு வாத்தியாரு, பத்ரிநாராயணன்னு. ரெண்டு மாசமா நல்ல வண்டி ஒண்ணு கேட்டுக்கினே இருக்காரு. மக பிரசவத்துக்கு வந்திருக்குது, அவசரம். நாளைக்கே காட்டிப்புடலாம்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒங்கிட்ட இன்னும் அந்த ஊது மிச்சம் இருக்குதா?”

சாவி சமீராவின் கையில் இருந்தது. கை பாதி நீண்டுவிட்டது. அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பணம் வந்தால்தான் ஆஃபியாவுக்கு வேறு வண்டி. வராவிட்டால் மறுபடி பஸ், மறுபடி தூசி, மறுபடி அந்த நீல உதடு. ஒரு சாவியை நீட்டினால் போதும். யாரோ ஒரு வாத்தியார். யாரோ ஒரு மகள். பிறந்து பத்து நாள் ஆன ஏதோ ஒரு பிள்ளையை இந்தச் சாக்கடைக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றுவார்கள்.

தன் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அங்கே நின்ற மூன்று பேரில் அந்த ஒரு நிமிஷம் அவளும் அவர்களோடு சேர்ந்தவள்தான். சாவியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். மண்ணைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டாள்.

“பணம் எனக்கு வேணும் மாமா. வண்டி யாருக்கும் போவாது. பழைய இரும்புக்குத்தான் போடுவேன், என் கண்ணு முன்னாடி வெட்டுனாத்தான் நம்புவேன்.”

“அப்ப பணத்துக்கு நான் எங்க போவேன்?” என்றார் மாமா. “ஆவறதப் பாத்துக்க.”

“பாத்துக்கறேன்” என்றாள் சமீரா.

திங்கட்கிழமை காலை எட்டே கால் மணி. ஆஃபியாவை நடந்தே கூட்டிப்போய் ஸ்கூலில் விட்டுவிட்டு வந்து, ஜங்ஷன் ரோட்டில் சலீம் டைல்ஸ் கடைக்கு நேர் எதிரே வண்டியை நிறுத்தினாள். பின்பக்கம் ரோட்டைப் பார்க்கிற மாதிரி திருப்பி நிறுத்தினாள். டிக்கியை முழுசாகத் தூக்கிவிட்டாள். ஸ்டெப்னியை இறக்கித் தரையில் போட்டாள். ஒடித்த பாளத்தை, மணல் வரிசை தெரிகிற மாதிரி, விளிம்பில் நிறுத்தி வைத்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒரு வார்த்தை எழுதி ஒட்டவில்லை. ஒருவரையும் கூப்பிடவில்லை.

எட்டரைக்கு எஸ்டேட் ஷிஃப்ட். ஆட்டோவிலும் சைக்கிளிலும் நடந்தும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவள் கொளஞ்சியம்மாள். எதுவும் தெரியாதவள் மாதிரி நின்று, குனிந்து, குழிக்குள் இரண்டு விரலை விட்டு மண்ணை எடுத்துக் கட்டை விரலால் தேய்த்தாள். பிறகு நிமிர்ந்து கடை போர்டைப் பார்த்தாள். அவளோடு வந்த ராஜம்மாளும் பார்த்தாள், தேய்த்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டாள். “அய்ய, முழுவுன வண்டிடி. இதயா வித்தாரு இந்தாளு?” அவள் குரலுக்கு மைக் வேண்டாம். வேறு ஊராக இருந்தால் ‘ஏதோ சேறு’ என்று போயிருப்பார்கள். இது மண்ணைக் கரைத்துச் சாப்பிடுகிற ஊர். ஒருத்திக்குக் கூட விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருத்தியாகக் குனிந்தார்கள், தேய்த்தார்கள், போர்டைப் பார்த்தார்கள். பின்னால் வந்த ஆண்கள் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்கள். கடைக்கு டைல்ஸ் எடுக்க வந்த ஒரு குடும்பம் டிக்கியை எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் அப்படியே திரும்பிப் போயிற்று.

மாமா ஷட்டரைப் பாதி தூக்கியபோதுதான் கூட்டத்தைப் பார்த்தார். லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டின் குறுக்கே ஓடி வந்தார்.

“என்னம்மா இது அசிங்கம்! நடுரோட்டுல! பணம் இன்னிக்கே தரேன், இப்பவே தரேன், வண்டிய இரும்புக்கே போடு, மொதல்ல இத மூடு!” என்று டிக்கிக் கதவின் மேல் கை வைத்தார்.

சமீரா எழுந்து அந்தக் கையைப் பிடித்து நகர்த்தினாள்.

“பணத்தைக் கொண்டாங்க. அதுவரைக்கும் மூடாதீங்க மாமா. நீங்க மூடி வச்சதுலதான் எம் புள்ளைக்கு மூச்சு அடைச்சது. நல்லா காத்தாடட்டும்.”